ஒன்பதாம் மாசத்து இலை

மணல்மேட்டுத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து கடல் கண்ணுக்குத் தெரிவது வருஷத்தில் ஒரு மாசம்தான். மற்ற பதினோரு மாசமும் அது வெறும் சத்தம். போர்ட்டிக்சன் கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான் லயம் என்றாலும் நடுவில் கித்தா எனும் ரப்பர் மரங்கள் அடைத்துக்கொண்டு நிற்கும். பெப்ரவரி பிறந்து இலை சிவந்து கொட்ட ஆரம்பித்ததும், ஒரு நாள் காலையில் பல் விளக்க வெளியே வந்தால் மரத்துக்கு மரம் இடையில் தேய்த்துக் கவிழ்த்த சட்டி மாதிரி கடல் பளபளக்கும். போகிற கப்பலை எண்ணலாம். இலை இல்லையென்றால் பால் இல்லை. பால் இல்லையென்றால் மரம் சீவும் வெட்டு வேலை இல்லை. பெண்களெல்லாம் கூடையைத் தூக்கிக்கொண்டு வற்றுக் கடலில் மட்டி பொறுக்கக் கிளம்பிவிடுவார்கள்.

தோட்டத்துக்கு அதுதான் காலண்டர். யாருக்கு எப்போது கல்யாணம், எந்தப் பிள்ளை எப்போது பிறந்தது என்று கேட்டால், இலை உதிர்வதற்கு முந்தி, உதிர்ந்த பிறகு என்றுதான் பதில் வரும்.

அந்தக் காலண்டர் இப்போது நாலைந்து வருஷமாகக் கெட்டுக் கிடக்கிறது. மரத்துக்கு ஏதோ புது நோய். மருந்து தெளிக்க வந்தவன் ஒரு நீளமான பெயர் சொன்னான். யார் வாயிலும் அது நுழையவில்லை. பெப்ரவரியில் உதிர்ந்தது போதாதென்று ஒன்பதாம் மாசமும் ஒரு தடவை உதிர்கிறது. இந்த வருஷம் ரொம்ப மோசம். செப்டம்பர் நடுவிலேயே மொட்டையாகிவிட்டது. இலை போய்விட்டது, கொட்டை மட்டும் மரத்தில் தொங்குகிறது. வெயில் ஏறினால் பட் பட்டென்று வெடித்து லயத்துத் தகரத்தில் வந்து விழும்.

அப்படி ஒரு மத்தியானம் பஞ்சாலையும் முத்தாயியும் குழாயடியில் உட்கார்ந்து மட்டி கழுவிக்கொண்டிருந்தார்கள்.

பஞ்சாலைக்கு அறுபத்தேழு. புருஷன் போய்ப் பதினோரு வருஷம், பிள்ளை கிடையாது. பன்னிரண்டு வயதில் அம்மாவோடு வாளி தூக்கப் போனவள், இன்னும் வெட்டுக்குப் போகிறாள். அவள் நிரைக்குப் பக்கத்து நிரைகளில் இப்போது பங்களாதேஷ் பையன்கள் வெட்டுகிறார்கள். அத்தனை வருஷம் வெட்டியும் அவள் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இந்த மண்ணில்தான் பிறந்தாள், இந்த மண்ணை விட்டு கெமாஸ் தாண்டிக்கூடப் போனதில்லை. அட்டை மட்டும் அவளை வந்து தங்கியிருப்பவள் என்கிறது.

அந்தச் சிவப்பு இதுவரை ஒரு முணுமுணுப்பாகத்தான் இருந்தது. இந்த வருஷம்தான் கழுத்தைப் பிடித்தது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள். கடலோரம் ஓட்டல் வரப் போகிறது. லயத்தில் மிச்சமிருந்த பதினான்கு குடும்பத்துக்கு ரோட்டோரமாக அடுக்கு வீடு. தோட்டத்துக் குமாஸ்தா, கிராணி சுகுமாறன், வீடு வீடாக வந்து பெயர் எழுதினார். குடிமக்களின் நீல அட்டை என்றால் எழுதினார். பஞ்சாலையின் அட்டையைப் பார்த்ததும் பேனாவை மூடிக் காதில் செருகிக்கொண்டார். "நான் என்னம்மா செய்றது, மேலேருந்து வந்த ரூல்லா. வருஷக் கடைசிக்குள்ள நீலம் கொண்டாங்க, நானே எழுதறேன்" என்றார். வருஷக் கடைசியில் லயத்தை இடிப்பார்கள்.

முத்தாயி பக்கத்து வீடு. எழுபத்தேழு வயது. அவளுடைய அம்மாதான் அந்தக் காலத்தில் தோட்டத்து மருத்துவச்சி. முத்தாயிக்கும் மகனுக்கும் நீலம், பெயர் எழுதியாகிவிட்டது. காது கொஞ்சம் மந்தம். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

ஒரு கொட்டை தகரத்தில் விழுந்து உருண்டு வந்து மட்டிச் சட்டிக்குள் குதித்தது. முத்தாயி அதை எடுத்து விரலால் துடைத்தாள். தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்தாள். மறுபடி கொட்டையைப் பார்த்தாள்.

"அடி பஞ்சால."

"என்னாக்கா."

"நீ பொறந்தப்பவும் இதே மாதிரிதான்டி."

"எதே மாதிரி?"

"எல இல்ல. கடலு தெரியுது. கொட்ட வெடிக்குது. எங்கம்மா உன் வீட்டுக்குள்ள இருக்கு, என்னைய சுடுதண்ணி கொண்டாரச் சொல்லுச்சு. நான் வாளியத் தூக்கிட்டு வரேன், ஒரு கொட்ட பட்டுனு வந்து நெத்தியில அடிச்சுச்சு. தண்ணியக் கொட்டிட்டேன். அதுக்கு எங்கம்மா வெளிய வந்து அடிச்ச அடி, இன்னும் முதுகுல இருக்கு. நீ உள்ள கத்துற, நான் வெளிய கத்துறேன்."

பஞ்சாலை சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கை சட்டியில் அப்படியே நின்றுவிட்டது.

"அக்கா, எல உதிர்றப்ப கொட்ட எங்கருந்து வரும்? பெப்ரவரியில ஏது கொட்ட?"

"அதான் எனக்கும் தெரியல."

கித்தா மரத்தோடு வாழ்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெப்ரவரியில் இலை கொட்டும். அப்போது மரத்தில் ஒரு கொட்டை இருக்காது. பூ வந்து, காய் வந்து, கொட்டை வெடிக்க ஒன்பதாம் மாசம் ஆகும். அப்போது மரம் நிறைய இலை இருக்கும். இரண்டும் ஒன்றாக வருகிறதென்றால் அது கெட்ட வருஷம், இந்த வருஷம் மாதிரி.

"இரு இரு," என்றாள் முத்தாயி. நெற்றியைத் தடவிக்கொண்டாள், அந்தக் கொட்டை பட்ட இடம் அங்கேதான் இருப்பதுபோல. "அந்த வருஷம் மழ இல்லடி. ஆடி ஆவணி ரெண்டு மாசமும் ஒரு சொட்டு இல்ல. கெணறு வத்திப் போயி மலாய்க்காரங்க கம்பத்துலேருந்து தண்ணி தூக்குனோம். மரமெல்லாம் காஞ்சு ரெண்டாந்தரம் கொட்டிருச்சு. துரை வந்து மரத்த மரத்தத் தட்டிப் பாத்துட்டுப் போனாரு. ஆமாண்டி! அப்பத்தான் நீ பொறந்த."

பஞ்சாலையின் அட்டையில் இருப்பது பெப்ரவரி பதினைந்து, 1957. பன்னிரண்டு வயதில் அட்டை எடுக்கும்போது அந்தக் காலத்துக் கிராணி அவளுடைய அப்பாவிடம், "எப்பய்யா பொறந்துச்சு?" என்று கேட்டார். அப்பா, "எல உதிந்தப்பங்க" என்றார். கிராணி தலையைத் தூக்காமல் பெப்ரவரி என்று எழுதி, மாசத்தின் நடுவாகப் பார்த்து ஒரு தேதியையும் போட்டார். அந்தத் தோட்டத்தில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் பெப்ரவரி பதினைந்துதான். வருஷத்தில் மட்டும் குழப்பமில்லை. பஞ்சாலை பிறந்த அன்றுதான் மாரியம்மன் கோயிலுக்கு மணி வந்து இறங்கியது என்று எல்லாருக்கும் தெரியும். மணியில் 1957 என்று வார்த்திருக்கிறது. எந்த மாசம் என்று மணி சொல்லாது.

அப்பா சொன்னதும் பொய்யில்லை. கிராணி எழுதியதும் அவரளவில் தப்பில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை ரோகினி வந்தாள். சிரம்பானில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை. நீல அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுப்பதற்காக மாசத்தில் ஒரு ஞாயிறு தோட்டம் தோட்டமாகச் சுற்றுகிற பெண். பஞ்சாலைக்கு இரண்டு தடவை எழுதிப் பார்த்திருக்கிறாள். இரண்டு தடவையும் திரும்பி வந்தது. முத்தாயி கொட்டைக் கதையைச் சொல்லச் சொல்ல அவள் வாயில் வைத்த பிஸ்கட்டைக் கடிக்காமல் கேட்டாள்.

"வெயிட், வெயிட். பாட்டி, செப்டம்பரா? ஷுவரா?"

"எனக்கு ஷூவும் தெரியாது செருப்பும் தெரியாது. கொட்ட வெடிச்சுச்சு."

"ஆன்ட்டி!" ரோகினி பஞ்சாலையின் கையைப் பிடித்தாள். "மெர்டேக்கா எப்ப? சுதந்திரம் கெடச்சது அம்பத்தேழு ஆகஸ்ட் முப்பத்தொன்னு. அதுக்கு முன்னாடி பொறந்தவங்கதான் எழுதிப் போட்டுக் கேக்கணும். மெர்டேக்காவுக்கு அப்பறம் அந்த வருஷம் இங்க பொறந்தவங்க கேக்கவே வேணாம். பொறந்ததே போதும், சிட்டிசன். நீங்க இத்தன வருஷமா சிட்டிசன் ஆன்ட்டி! அட்டதான் தப்பு!"

பஞ்சாலை எழுந்து உள்ளே போனாள். ரொம்ப நேரம் அடுப்படியில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்தபோது கையில் தேத்தண்ணி இல்லை. எதற்காக உள்ளே போனோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

"அப்ப எனக்கு வீடு எழுதுவாரா கிராணி?"

"எழுதித்தானே ஆகணும்."

"மாரியாத்தா," என்றாள் பஞ்சாலை, மெதுவாக.

ஒரு சாட்சி வேண்டும். பிறந்த அன்று அங்கே இருந்த ஆள், உயிரோடிருக்கிற ஆள், ஆபீசருக்கு முன்னால் நின்று வாயால் சொல்ல வேண்டும். அந்த ஆள் உலகத்திலேயே ஒருத்திதான்; அவள் பல் இல்லாத வாயில் பிஸ்கட்டை ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டி, கவனமா கேளுங்க," என்றாள் ரோகினி. "என்னைய உள்ள விடமாட்டாங்க. கேஸ் ஆளும் சாட்சியும் மட்டுந்தான். மாசம் என்னான்னு மலாய்ல கேப்பாங்க. ஒம்பதாம் மாசத்துக்கு புலான் செம்பிலான்னு சொல்லணும். அவ்ளோதான். எல, கொட்ட, கடலு, உங்கம்மா அடிச்சது, ஒன்னும் பேசக்கூடாது. மாசத்தச் சொல்லிட்டு வாய மூடிக்கணும்."

"எதுக்கு மூடணும்? நான் பாத்ததத்தானே சொல்றேன்?"

"அதுக்குத்தான் மூடணும்."

பத்து நாள் பஞ்சாலை அவளைப் பழக்கினாள். முத்தாயிக்குச் சந்தை மலாய் வரும். மீன் வாங்கத் தெரியும், திட்டத் தெரியும். மாசத்துக்கு நம்பர் சொல்ல மட்டும் வராது. துலாப்பான் என்றாள், செபுலு என்றாள். எட்டு, பத்து, எல்லாம் வந்தது. ஒன்பது மட்டும் நழுவியது.

"அக்கா, நம்ம ஸ்டேட்டு பேரு என்னா?"

"நெகிரி செம்பிலான். அதுகூடவா தெரியாது எனக்கு?"

"அந்த செம்பிலான்தான்க்கா. நெகிரியத் தூக்கிப் போட்டுட்டு புலான வச்சுக்க. புலான் செம்பிலான்."

"அடடே, இவ்ளோதானா!" முத்தாயிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அதற்குப் பிறகு மட்டி கழுவும்போதும் புலான் செம்பிலான், கோயிலில் திருநீறு பூசும்போதும் புலான் செம்பிலான். பக்கத்து லயத்து மாயாண்டி சைக்கிளில் போகும்போது, "என்னா ஆத்தா, பேரனுக்குப் பேரு தேடுறியா?" என்று கத்திக்கொண்டு போனார்.

*

சிரம்பான் பதிவு ஆபீசில் அன்று கூட்டம். நம்பர் சீட்டைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஏசி குளிரில் உட்கார்ந்தார்கள். பஞ்சாலை கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். முத்தாயி உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாள். நம்பர் கூப்பிட்டதும் ரோகினி கதவு வரை வந்து, "மாசம் மட்டும்," என்று ஒரு விரலைக் காட்டினாள்.

உள்ளே இருந்த ஆபீசருக்கு ஐம்பது வயதிருக்கும். மலாய்க்காரர், நல்ல முகம். முத்தாயியை மாச்சிக், பெரியம்மா, என்று அழைத்து நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். சத்தியம் வாங்கினார். பிறகு நிதானமாக, கிழவிக்குக் காது கேட்க வேண்டுமென்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டார்: இந்த அம்மா எந்த மாசம் பிறந்தார்கள், மாச்சிக்?

முத்தாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நெகிரி செம்பிலான்!"

ஆபீசர் சிரித்துவிட்டார். பக்கத்து மேசைக்காரியும் சிரித்தாள். ஊர் எனக்குத் தெரியும், மாசத்தைத்தான் கேட்டேன் என்றார்.

முத்தாயி பஞ்சாலையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்க எழுந்து நின்று மறந்துபோன பிள்ளை அம்மாவைப் பார்க்கிற பார்வை. பார்த்துவிட்டு, "புலான்! புலான் செம்பிலான்!" என்று கத்தினாள்.

ஆபீசரும் அந்தப் பார்வையைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

யார் சொல்லிக்கொடுத்தது, மாச்சிக்?

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று முத்தாயி கையை ஆட்டினாள். அப்படியானால் ஒன்பதாம் மாசம் என்று எப்படித் தெரியும், காலண்டர் பார்த்தீர்களா என்று அவர் கேட்டார். அங்கேதான் போனது. பஞ்சாலை மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தாள். முத்தாயிக்குக் கால் மரத்துப் போய் எத்தனையோ வருஷம்.

காலண்டர் எதற்கு, கண் இருந்தது என்றாள் முத்தாயி. தெரிந்த மலாய் முழுவதையும் அள்ளிப் போட்டாள். "டாவுன் ஹாபிஸ் ஜாத்து! லாவுட் நம்பாக்!" இலையெல்லாம் விழுந்தது, கடல் தெரிந்தது. கொட்டைக்கு அவளுக்கு மலாய் வரவில்லை. மேசையில் விரலால் பட் பட்டென்று தட்டினாள். நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அம்மா அடித்ததைக் காட்டத் தன் முதுகையே அடித்துக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மழை இல்லாததை மட்டும் முத்தாயி சொல்லவில்லை. அதற்கு என்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரியவில்லை. பஞ்சாலைக்கும் அந்த நேரம் நெஞ்சில் ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

ஆபீசர் பேனாவை வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

என் அப்பாவுக்குக் கோலா பிலாவில் இரண்டு ஏக்கர் கித்தா இருந்தது, என்றார். நானும் காலையில் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் பால் வெட்டியவன்தான். இலை உதிர்வது இரண்டாம் மாசம். ஒன்பதாம் மாசம் மரத்தடியில் வெயில்கூட விழாது. மாச்சிக் வாயால் மாசத்தைத் தப்பாகச் சொன்னாலும் கண்ணால் பார்த்ததைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். அட்டையில் இருப்பது சரிதான்.

"ரெண்டு தடவை, துவான்!" என்றாள் பஞ்சாலை. "டுவா காலி! இப்பவும் அப்படித்தான், வந்து பாருங்க!"

அந்த நோய் இந்த ஐந்தாறு வருஷத்துக்குள் வந்தது என்றார் அவர். ஐம்பத்தேழில் ஏது? எழுதிக்கொண்டே போனார். கடைசியில் முத்தாயியின் கட்டைவிரலை மையில் வைத்து அழுத்தியதும் அவர்தான், காகிதத்தைக் கொடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னதும் அவர்தான்.

வெளியே வந்ததும் முத்தாயி ரோகினியிடம், "ஒன்னு விடல, எல்லாத்தையும் சொல்லிட்டேன்!" என்றாள்.

ரோகினி பஞ்சாலையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு மலாய்ச் சிறுமி தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டாள். அவளுடைய அம்மா, "தண்ணியக் கொட்டாதே, கெமாராவ் காலம்" என்று அதட்டினாள்.

கெமாராவ். மழையில்லாத வறட்சிக்கு அதுதான் வார்த்தை. பஞ்சாலைக்கு அது தெரியும். ரேடியோவில், சந்தையில், நூறு தடவை காதில் விழுந்திருக்கிறது. அந்த அறைக்குள் மட்டும் வரவில்லை.

*

மறுநாள் விடிந்ததும் பஞ்சாலை ஒருத்தரிடமும் சொல்லாமல் கிளம்பினாள். தன் நிரையில் ஏழாவது மரத்தில் ஒரு கொப்பை ஒடித்தாள். ஒரு இலை இல்லை, நுனியில் மூன்று காய் வெடிக்காமல் தொங்கியது. அதைத் துண்டில் சுற்றிக்கொண்டாள். கீழே கிடந்த கொட்டைகளில் பளபளப்பாகப் பார்த்து ஒரு கைப்பிடி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆபீஸ் வாசலில் காவல்காரன் கொப்பை உள்ளே விடமாட்டேன் என்றான். குப்பை உதிரும் என்றான். பஞ்சாலை அவனோடு சண்டை போடவில்லை. மூன்று காயையும் திருகி எடுத்துக்கொண்டு கொப்பைத் தொட்டியில் போட்டாள். மறுபடி நம்பர் சீட்டு, மறுபடி குளிர்.

ஆபீசர் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே, வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். ஐம்பத்தேழில் கெமாராவ். ஏழாம் மாசம் மழையில்லை, எட்டாம் மாசம் மழையில்லை. கிணறு வற்றியது. மரம் காய்ந்து இரண்டாந்தரம் உதிர்ந்தது. அப்போது கொட்டை வெடித்தது; கொட்டை கிழவியின் நெற்றியில் விழுந்தது. இரண்டாம் மாசம் ஏது கொட்டை, துவானே சொல்லுங்கள். காய்களை மேசைமேல் வைத்தாள். முந்தானையை அவிழ்த்துக் கொட்டைகளைக் கொட்டினாள்.

ஆபீசர் ஒரு கொட்டையை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

அது சரி, என்றார். அது சரியாகத்தான் இருக்கிறது.

பஞ்சாலை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் நேற்று இதைச் சொல்லவில்லையே, என்றார் அவர். நேற்று சாட்சி சொன்னது இலை, கடல். சத்தியம் செய்து சொன்னது, கைரேகை வைத்தது, மேலே போய்விட்டது. இன்று நீங்கள் வறட்சி என்று புதிதாக ஒன்று சொல்கிறீர்கள். நேற்று ஒன்பதாம் மாசத்தையும் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இதையும் யாரோ சொல்லிக்கொடுத்தார்கள் என்றுதான் மேலே இருப்பவர்கள் கேட்பார்கள். நான் என்ன பதில் எழுதுவது?

"துவான் நம்புறீங்களா?" என்று கேட்டாள் பஞ்சாலை.

நம்புகிறேன் என்றார். நான் நம்புவதை எழுத இந்தப் பாரத்தில் இடமில்லை.

அவ்வளவுதான். அவள் கொட்டைகளை அள்ளக் கையை நீட்டினாள். ஆபீசர் தயங்கித் தயங்கி, இதில் கொஞ்சம் நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அப்பா போய்விட்டார். அந்த இரண்டு ஏக்கரில் இப்போது வீடு கட்டிவிட்டார்கள். என் மகன் கித்தாக்கொட்டையைப் பார்த்ததே கிடையாது. சொல்லும்போது அவர் கண்ணே கலங்கிவிட்டது.

கொடுக்கக் கூடாது என்றுதான் பஞ்சாலை நினைத்தாள். ஆனால் அவள் கை ஐம்பது வருஷமாக மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குக் கொடுத்தே பழகிய கை. அவளைக் கேட்காமல் அது எல்லாவற்றையும் அவர் பக்கம் தள்ளியது. காய்களையும் சேர்த்துத் தள்ளியது. அவர், தெரீமா காசே, மாச்சிக், தெரீமா காசே என்று இரண்டு தடவை நன்றி சொன்னார். கதவுக்கு வெளியே வந்து முந்தானையை உதறியபோதுதான் மடிப்பில் ஒரே ஒரு கொட்டை மிச்சமிருப்பது தெரிந்தது.

*

வீட்டுக்கு வந்தபோது மூன்று மணி. முத்தாயி குழாயடியில் காத்திருந்தாள். முன்னால் மட்டிச் சட்டி. தகரத்தில் பட் பட்டென்று விழுந்துகொண்டிருந்தது. எதிரே வெறும் மரங்களுக்கு நடுவில் கடல் வெட்கமில்லாமல் பளபளத்தது.

"எங்கடி போன? நீ இல்லாம நானே வத்துக்குப் போயி, பாரு, எம்மாம் பெரிய மட்டி. ஒக்காரு."

பஞ்சாலை உட்கார்ந்தாள்.

"ஆபீசு லெட்டரு எப்ப வருமாம்? அந்த மலாய்க்காரரு தங்கமான ஆளுடி. நாக்காலி போட்டாரு பாத்தியா? நான் சொல்லச் சொல்ல எப்படிக் கேட்டுக்கிட்டாரு! நம்ம ரெண்டு பேரு வீடும் பக்கத்துப் பக்கத்துல கேக்கணும். கிராணிகிட்ட நான் சொல்றேன். நீ வாய் பேசமாட்ட, நான்தான் சொல்லணும்."

பஞ்சாலை மடியிலிருந்த அந்த ஒரு கொட்டையை எடுத்தாள். குழாயடிச் சிமெண்டில் காய்ந்த இடமாகப் பார்த்து வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். முன்னும் பின்னும், முன்னும் பின்னும், தோள் முழுவதும் அசையத் தேய்த்தாள்.

முத்தாயிக்குப் பொக்கை வாய் மலர்ந்தது. "அடியே! சின்னப்புள்ளையில செய்வோமே! சூடு வப்பியே, ஆயாக்கொட்டாயில எத்தன புள்ளைய அழ வச்சிருப்ப! கெழடாயும் உனக்கு அந்தக் குறும்பு போவலையா?"

கொட்டை சூடேறி விரலைச் சுட்டது. பஞ்சாலை முத்தாயியின் கையைப் பிடித்து இழுத்தாள். கட்டைவிரலில் நேற்று வைத்த மை இன்னும் போகவில்லை. அதற்குக் கொஞ்சம் மேலே, மணிக்கட்டின் மெல்லிய தோலில் கொட்டையை வைத்து அழுத்தினாள்.

"ஆத்தாடி!" என்று முத்தாயி கத்தினாள். சிரித்துக்கொண்டேதான் கத்தினாள். கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

பஞ்சாலை விடவில்லை. விளையாட்டுக்கு வைக்கிற சூடு ஒரு நொடி. அந்த ஒரு நொடி போயிற்று, இன்னொன்றும் போயிற்று. அவள் விரல் இறுகிக்கொண்டே வந்தது.

முத்தாயியின் சிரிப்பு நின்றது. அவள் பஞ்சாலையின் முகத்தைப் பார்த்தாள். கல்யாணப் புடவையைப் பார்த்தாள். இரண்டாவது நாளும் அதையே கட்டிக்கொண்டு எங்கே போய் வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காது மந்தம்தான், ஆனால் அந்த முகத்தைப் படிக்கக் காது வேண்டியதில்லை.

"நான் பாத்ததத்தானடி சொன்னேன்," என்றாள்.

"ஆமாக்கா," என்றாள் பஞ்சாலை. "நீ பாத்ததத்தான் சொன்ன."

கையை இழுத்துக்கொள்வதை முத்தாயி நிறுத்திவிட்டாள். அது அங்கேயே, அவள் பிடியிலேயே கிடந்தது. கொட்டை தானாக ஆறுகிற வரைக்கும் பஞ்சாலை அதை எடுக்கவில்லை.